தரை தெரியாத கால்

முதல் நாள் எங்களை யாரும் ஆடச் சொல்லவில்லை. நடக்கத்தான் சொன்னார்கள். பகல் சாப்பாட்டு வேலை முடிந்து, மேசை விரிப்புகளைச் சலவைக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் எட்டுப் பேர் நுவரெலியாவில் எங்கள் ஹோட்டலின் பழைய நடன மண்டபத்தில் வரிசையாக நின்றோம். கொழும்பிலிருந்து வந்திருந்த நடன மிஸ் ஒவ்வொருவரையும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னார். நான் பாதித் தூரம் போனதும் கையைத் தட்டி நிறுத்தினார்.

"தரை சரிவாவா இருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அவர் கேலிக்குக் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து என் பாதத்தையே பார்த்தார். முழங்காலை மடக்கி, விரல்களால் தரையைப் பிடித்துப் பிடித்து நடக்கிறேனாம். கழுத்து முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

"இதுக்கு முந்தி எங்க வேலை செஞ்ச?"

"மலையில, மிஸ். கொழுந்து எடுத்தேன். பதினோரு வருசம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். பத்தொன்பது வயதில் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தேன். கூடைக் கயிறு தலை உச்சியில் அழுந்தும். பாரம் பின்னால் இழுக்க இழுக்கக் கழுத்து முன்னால் போகும். மழைச் சேற்றில் குதிகாலை முதலில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய் வடிகால் கானுக்குள்தான் விழ வேண்டும். விரல்தான் முதலில், விரல்தான் பிடி. முப்பது வயதில் மலையை விட்டு ஹோட்டலில் அறை துப்புரவு வேலைக்கு வந்தேன். நான் மலையை விட்டேனே தவிர, மலை என் காலை விடவில்லை என்பது அந்த மண்டபத்தில்தான் தெரிந்தது.

நடனத்தில் விரும்பிச் சேர்ந்தேன் என்று சொல்ல முடியாது. புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் அந்த மண்டபத்துக் கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். அடியில் வெள்ளைக்காரன் காலத்துப் பலகைத் தரை, ஒரு பூச்சி அரிப்பு இல்லாமல். நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாட்டு வரிசைகள் ஓய்ந்து வெளிநாட்டுக்காரர்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் தேநீரோடு நடனம் வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்களாக, துணையில்லாமல் இருப்பார்கள். அவர்களோடு ஆட ஹோட்டலிலேயே ஆள் வேண்டும். கொஞ்சம் உயரமான எட்டுப் பேரைப் பொறுக்கினார். அவ்வளவுதான்.

என் கணவருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். போனில் சொன்னேன்.

"கையப் புடிச்சுக்கிட்டா ஆடணும்?"

"ஆமாங்க."

"யாரு கூட?"

"பார்ல நிக்கிற அண்ணன் கூட."

"வயசானவரா?"

"அம்பது இருக்கும்."

"சரி, வழுக்கி விழுந்துறாத" என்றார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து ஆள், கிறிஸ்தவ வேதக்காரர். இருபத்தைந்து வருடமாகப் பாரில் தட்டு ஏந்தியவர். விளிம்பு வரை நிரம்பிய பத்துக் கிளாஸை ஒரு கையில் ஏந்தி, கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு துளி சிந்தாமல் மறுபக்கம் வந்துவிடுவார். முதல் நாள் அவர் நடந்ததைப் பார்த்ததும் மிஸ் எங்கள் எல்லோரையும் ஒதுங்கி நிற்கச் சொல்லி, அவரை மட்டும் மறுபடி நடக்க வைத்தார். "பாருங்க. தலை ஏறுதா? இறங்குதா? தோள் ஆடுதா? இவருக்கு நான் சொல்லிக்குடுக்க ஒன்னுமில்ல" என்றார். அண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டைக் கழுத்தைச் சரி செய்துகொண்டார்.

நடக்கத் தெரியாத என்னை அவரோடுதான் ஜோடி சேர்த்தார் மிஸ்.

வால்ஸ் என்றால் மூன்று எண்ணிக்கை. கேட்க லேசாக இருக்கும். ஆண் முன்னால் கால் வைக்கும் முதல் எண்ணில் குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், பிறகு பாதம் உருண்டு விரலுக்கு வர வேண்டும். இரண்டில் பக்கவாட்டில் போய், உடம்பு மெல்ல எழும்ப வேண்டும். மூன்றில் இரண்டு பாதமும் சேர்ந்து, விரல் நுனியில் நின்று, மெதுவாக இறங்க வேண்டும். பெண்ணுக்குப் பெரும்பாலும் பின்னோக்கித்தான் நடை. மலையில் யாரும் பின்னால் கால் வைக்க மாட்டார்கள், வைத்தால் பள்ளம். அதனால் ஒவ்வொரு தடவையும் என் முதுகு விறைத்துக்கொண்டது. விரலை நீட்டி, தரையைத் தடவிக்கொண்டே போய், முன்பாதத்தில் பாரத்தை ஏற்றி, முன்னால் விட்டு வந்த காலின் குதி தரையோடு உரசிக்கொண்டே வந்து சேரும் வரை பின்கால் குதியை இறக்காமல் வைத்திருக்க வேண்டும். "ஹெமின், ஹெமின்" என்று மிஸ் கத்துவார். மெதுவா, மெதுவா. பிறகு "ஆயெத்" என்பார். மறுபடியும்.

காலைத் தூக்கி வைக்கக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். தூக்கினால் உடம்பு குலுங்கும். ஒரு கால் மற்றக் காலைக் கடக்கும்போது கணுக்கால்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அறைகளைத் துடைக்கும்போதும் வராந்தாவில் துணி வண்டியைத் தள்ளும்போதும் நான் அப்படியே நடந்து பழகினேன். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போகும் படிக்கட்டில் மட்டும் பழைய நடை தானாக வந்துவிடும்.

மிஸ் கொண்டுவந்த சப்பாத்து ஒன்றும் எனக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலோடு நடந்து விரிந்துபோன பாதம். கடைசியில் ஒன்றைப் பக்கவாட்டில் பிரித்துத் தைத்துத்தான் போட்டேன். அடியில் தோலைச் சுரண்டி விட்டதுபோல மெத்தென்று இருக்கும். தரையின் ஒவ்வொரு பலகை இடுக்கும் அதன் வழியே காலுக்குத் தெரியும். சப்பாத்து போட்டும் வெறுங்கால்போல இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஒரு விசயத்தில் மட்டும் நான் எல்லோரையும்விட நன்றாகச் செய்தேன். மூன்றில் இறங்குவது. மற்றவர்கள் விரல் நுனியிலிருந்து பொத்தென்று விழுவார்கள், நான் விழமாட்டேன். முழங்கால் பிடித்துக்கொண்டே இறங்கும். நிறைந்த கூடையோடு மலை இறங்கிய கால் அது. "இதை எங்க படிச்ச?" என்று மிஸ் கேட்டபோது அண்ணன்தான் என் பின்னாலிருந்து பதில் சொன்னார். "அவங்க பள்ளிக்கூடம் கந்தப்பளைக்கு மேல இருக்குது மிஸ்."

மிஸ் மாதத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். மற்ற நாட்களில் நாங்களே பழகினோம். மற்ற ஜோடிகள் சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்ள, முக்கால்வாசி நாள் அண்ணனும் நானும்தான். போனில் பாட்டைப் போட்டு ஜன்னல் கட்டையில் வைப்போம். வெளியே மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் அதிகம் பேச மாட்டார். "தங்கச்சி, ரெண்டுல அவசரப்படாத" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நாலைந்து மாதத்தில், இரண்டு பேரும் எதையும் நினைக்காமலே மண்டபத்தைச் சுற்றி வந்துவிடும் நாட்கள் வந்தன. அந்த நேரம் யாருக்கும் எதையும் துடைக்கவோ கொண்டுபோகவோ தேவையில்லை. நான் சந்தோசமாக இருந்தேன், அதை மறைக்கப்போவதில்லை.

அப்புறம் ஒரு புதன்கிழமை. மண்டபத்து மூலையில் திரும்பும்போது அவருடைய கால் என் பாதத்தின் மேல் வந்து நின்றது. மிதிபடுவது புதிதில்லை, மிதித்தவர் உடனே காலை எடுத்துவிடுவார். அவர் எடுக்கவில்லை. முழுப் பாரத்தோடு நின்றுகொண்டு, நான் ஏன் நகரவில்லை என்று என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, நின்னுட்ட?"

"அண்ணே, என் கால் மேல நிக்கிறீங்க."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் காலை எடுத்தார். அவருடைய முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளாண்ணே?"

"ஒரு வருசத்துக்கு மேல. மொதல்ல விரல் மட்டும். இப்ப பாதம் பூராவும் பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு. செருப்பு கழண்டு விழுந்தாக் கூடத் தெரிய மாட்டேங்குது."

அவருக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி, இருப்பது எனக்குத் தெரியும். அவர் சீனி போடாத தேத்தண்ணிதான் குடிப்பார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறாரா என்று கேட்டேன். போக வேண்டிய நாட்களிலெல்லாம் டியூட்டி விழுந்துவிடுகிறது என்றார்.

"மேனேஜர் சேர்கிட்ட சொல்லலாம்ண்ணே."

"சொன்னா?" என்றார். "கால் தெரியாதவன் கண்ணாடித் தட்டத் தூக்கலாமா? மறுநாளே சாமான் ஸ்டோருக்குப் போட்டுருவாங்க. இல்லன்னா வீட்டுக்கு. நீ பாத்துட்ட, பாத்ததோட இருக்கட்டும். யாருகிட்டயும் சொல்லிறாத, ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

அப்படி ஒரு பெரிய மனுசன் கெஞ்சி நான் கேட்டதில்லை. சரி என்றேன்.

சரி என்றதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அதற்கும் மேலே ஒன்று செய்தேன். ஆடும்போது பெண்ணின் இடது கை ஆணின் மேல்கையில் இருக்கும். அவருடைய பாதம் தரையில் சரியாகப் பதிந்ததும் நான் அந்த இடத்தில் ஒரு விரலால் லேசாக அழுத்துவேன். பதியாமல் கோணலாக விழுந்தால் அழுத்த மாட்டேன். அவர் பாரத்தை ஏற்றாமல் நிறுத்திக்கொள்வார். அவருடைய கால் எப்படி விழுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அணைத்துப் பிடித்து ஆடும்போது எதிரே ஆடுகிறவரின் பாதம் நம் வயிற்றுக்குத் தெரியும். குதிகால் முதலில் விழுந்தால் ஒரு மாதிரி, விரல் விழுந்தால் ஒரு மாதிரி. இரண்டு வாரத்தில் அதையும் பழகிவிட்டோம். தன் காலின் உணர்வை அவர் என் விரலிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு மூன்று மாதம் நாங்கள் ஆடியதுபோல அதற்கு முன் ஆடியதில்லை. அவர் அவ்வளவு கவனமாகக் கால் வைத்தார். மிஸ் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கால் மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஒருவருக்கு வந்திருந்த ஆபத்தை மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைக்க, நான் என்னவெல்லாம் பாடுபட்டிருக்கிறேன்.

ஏப்ரல் சீசன். மலர்க் கண்காட்சிக்கும் குதிரை ஓட்டத்துக்கும் கொழும்பே நுவரெலியாவுக்கு வந்துவிட்டது போலிருந்தது. சில மாதமாக நடந்துவந்த ஞாயிறு நடனத்துக்கு அன்றைக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். அண்ணன் பாரிலிருந்து ஓடிவந்து, பாருக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் அவசரமாகச் சப்பாத்தை மாற்றிக்கொண்டு வந்தார். முதல் பாட்டுக்கு ஹோட்டல் ஜோடிகள் ஆடிக் காட்டுவது வழக்கம். ஆடினோம். கை தட்டினார்கள். பிறகு அவர் ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு ஆடினார், அந்த அம்மாவின் மகளோடு ஆடினார். மீண்டும் என்னோடு. ஒன்றரை மணி நேரம் அவர் உட்காரவே இல்லை.

என்னோடு ஆடும்போது அவருடைய வலது கால் விழுந்த விதத்தில் ஏதோ ஒரு வித்தியாசம் தெரிந்தது. பாதம் முழுதாகப் படியாமல் எதன்மேலோ நிற்பதுபோல. களைப்பு என்று நினைத்தேன். விரலால் அழுத்தினேன்.

ஒரு கொழும்பு அம்மாள்தான் முதலில் பார்த்தார். தரையில் யாரோ வைன் சிந்திவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். நான் துணி எடுத்துவந்து துடைத்தேன். இரண்டடி தள்ளி இன்னொரு சிவப்புக் கறை, அதற்கப்பால் இன்னொன்று. எல்லாம் ஒரே அளவில், வட்டமாக. மண்டபத்தைச் சுற்றி எண்ணிக்கை பிசகாமல் போயிருந்தன. அவை போன வழியே பார்த்துக்கொண்டு போனால், ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவோடு சிரித்துப் பேசிக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார்.

பின்னறைக்குக் கூட்டிப்போய் அவருடைய வலது சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே ஒரு சோடா மூடி. பாரில் திறந்து போட்டது எப்படியோ அதற்குள் விழுந்திருக்கிறது. பல்லுப் பல்லாக இருக்குமே அந்த விளிம்பு, அது பெருவிரலுக்குக் கீழே வட்டமாகப் புதைந்திருந்தது. காலுறையோடு சேர்ந்து வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் யாரோ வேறொருவர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வலிக்குதாண்ணே?"

"இல்லையே" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மருந்து போட்டுக் கட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதாக அவர் சத்தியம் செய்தார். சீசன் முடியட்டும் என்று ஒன்பது நாள் தட்டு ஏந்தினார். பத்தாவது நாள் காய்ச்சலில் பாருக்குள்ளேயே விழுந்தார். நுவரெலியாவில் விரலை எடுத்தார்கள். பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "உனக்கு முந்தியே தெரியுமா?" தெரியும் என்றேன். அவர் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "என்கிட்ட சொல்லியிருந்தா கிளினிக்குக்கு வாகனம் குடுத்திருப்பேன்" என்றார். கொடுத்திருப்பாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை என்னோடு வந்துவிட்டது. கொஞ்ச நாளில் அவரே வேறு ஹோட்டலுக்கு மாறிப் போனார். ஞாயிறு நடனம் நின்றது. மிஸ்ஸும் பிறகு வரவில்லை.

அண்ணனைப் பார்க்கப் போக எனக்கு எட்டு மாதம் பிடித்தது. லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பயம்தான். ஹட்டனில் இறங்கி நல்லதண்ணி பஸ்ஸில் ஏறினேன். யாத்திரையாக மலை ஏறப்போகிறவர்கள் வெள்ளை உடுப்போடு பஸ்ஸை நிறைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் இறங்கி விசாரித்துப் போனேன்.

லயத்துக் காம்பரா வீட்டுக்கு வெளியே நாற்காலியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாகிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்து, முடியாமல், "வாம்மா தங்கச்சி, வா" என்றார். அண்ணி மலையில் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"இப்ப யாரு கூட ஆடுற?" என்று அண்ணன் கேட்டார்.

"யாரும் ஆடுறதில்லண்ணே. நிப்பாட்டிட்டாங்க."

"ம்" என்றார். பிறகு இல்லாத காலைக் காட்டினார். "ஒரு கூத்தக் கேளு. இருந்த வரைக்கும் ஒன்னும் தெரியல. இப்ப, எடுத்த பொறகு, கடுக்குது. அந்தப் பெருவிரல்தான். ராவும் பகலும் யாரோ அங்கயே போட்டுக் குத்துற மாதிரி. டாக்டருங்க அது அப்பிடித்தான் இருக்கும்னு சொல்றாங்க."

நான் அழுதுவிடக் கூடாது என்று தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தேன். "அண்ணே, நான் அன்னைக்கே..." என்று தொடங்கியபோது அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நான் சொல்லாதன்னேன், நீ சொல்லல. ஒன் மேல என்ன குத்தம்?" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அது ஒன்றையும் ஆற்றவில்லை.

புறப்படும்போது அவருடைய இடது பாதத்தைப் பார்த்தேன். ஒரு எறும்பு விரலிடுக்கிலிருந்து ஏறி, கணுக்காலில் கடித்துக்கொண்டு நின்றது. கடித்த இடம் சிவந்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார், அசையவில்லை.

இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். அண்ணி பீலிக்கரையில் குடம் நிறைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சொன்னேன். "அண்ணி, அண்ணனுக்கு மத்தக் காலும் தெரியலங்க. உடனே காட்டணும்."

அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்மா" என்றார். "கிளினிக்குக்கு மாசா மாசம் தூக்கிக்கிட்டுத்தான் போறோம். அவங்களும் மருந்து குடுக்கத்தான் செய்யிறாங்க. நான் ராத்திரிக்கு ஒருக்கா, வெடிய ஒருக்கா காலப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வேற என்னம்மா செய்யச் சொல்ற?"

குடத்தைத் தூக்கிவிட்டேன். அவர் இடுப்பில் வாங்கிக்கொண்டு படியேறினார்.

அடுத்த மழைக்காலத்தில் இரண்டாவது காலிலும் புண் வைத்து, அது இரத்தத்தில் கலந்து, அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. செய்தி ஹோட்டல் குசினியில் சமைக்கிறவர்கள் வழியாக எனக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அன்றைக்கு ஹோட்டலில் பெரிய கல்யாணம். இருபது அறைக்கு விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன்.

போன மாதம் புது மேனேஜர் வேலையாட்களைக் கூட்டி ஒரு விசயம் கேட்டார். இங்கே நடக்கப்போகிற ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வரவேற்பில் முதல் ஆட்டம் ஆட வேண்டுமாம். இரண்டு பேருக்கும் அடி எடுத்து வைக்கவே தெரியவில்லையாம். இங்கே முன்பு நடனம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன், யாருக்காவது சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற இரண்டொருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியாது, சேர் என்றேன்.